மூன்று ஊதல்கள்

ஹட்டன்
10 ஜூன் 2002

அன்புள்ள மகள் கௌசிக்கு,

சுகம் விசாரிக்கும் முன் ஒரு பிழையைத் திருத்த வேண்டியிருக்கிறது. உன்மேல் உள்ள கோபத்தில் நான் வீட்டுத் தொலைபேசியைத் துண்டித்துவிட்டேன் என்று கொழும்பில் உன் மச்சாள் சிவகௌரி சொல்லித் திரிகிறாள். அப்பாவின் செத்தவீட்டுக்கு நீ வராததை நான் இன்னும் மனத்தில் வைத்திருக்கிறேனாம். தொலைபேசியைத் துண்டித்தது உண்மை. கோபம் என்பது அவளுடைய கற்பனை. எனக்கு எழுத்துப் போதும். கன்னியர் மடத்தில் எங்களுக்குக் கடிதம் எழுதத்தான் பழக்கினார்கள், கம்பி வழியே கத்துவதற்கு அல்ல.

நான் சுகம். படி இறங்கும்போது மட்டும் முழங்கால் தன் வயதைச் சொல்கிறது. நீயும் கஜதீபனும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

இங்கே ஒரு புதினம். ரயில் நிலையத்துக்கு அப்பால், பாவனையில் இல்லாத தண்டவாளத்தில், அப்பா ஓட்டிய நீராவி இயந்திரம் உண்ணிச்செடிக்குள் கிடந்ததே, அதைத் திருத்தி மறுபடியும் ஓடவைக்கப் போகிறார்கள். கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் மயூரதன் என்பவர் முன்னின்று நடத்துகிறார். தேயிலைத் தொழிற்சாலைகளில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்ற சிலர் கூட நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை. யாருக்கும் சம்பளம் கிடையாது.

நேற்று நானும் போய்ப் பார்த்தேன். புகைபோக்கிக்குள் ஒரு பன்னச்செடி முளைத்துத் தலையை வெளியே நீட்டியிருந்தது. மூடுபனி அதன் மேலாக ஊர்ந்து போனது. இத்தனை வருடமும் அந்த இயந்திரம் நித்திரையில் புகைக்குப் பதிலாக இலை விட்டுக்கொண்டிருந்தது போல எனக்குப் பட்டது.

பதிலைக் கடிதமாகவே அனுப்பு.

உன் அம்மா,
புனிதவதி மகாலிங்கம்


ரொறன்ரோ
2 ஜூலை 2002

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறோம் என்று எழுதினால் அது பொய். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா?

கோபம் இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் ஒன்று கேட்கிறேன். அப்பா செத்தபோது என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. வெளிக்கிட்டிருந்தால் திரும்பி உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். இதை உங்களிடம் சொல்ல எனக்குப் பல வருடம் துணிவு வரவில்லை. போன மார்கழியில்தான் வாய்விட்டுச் சொன்னேன். "அம்மா, நான் வராததுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அழுதேன். நீங்கள் "ஓம் பிள்ளை, இங்கை நல்ல மழை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்கள். அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

நான் என்ன நினைக்கவேண்டும்?

இயந்திரத்தைப் பற்றி இன்னும் எழுதுங்கள். வாசித்த அன்று முழுக்க வேலையில் மனம் நிற்கவில்லை.

அன்புடன்,
கௌசி


ஹட்டன்
29 ஜூலை 2002

அன்புள்ள கௌசிக்கு,

உன் கடிதம் பத்திரமாக வந்தது. முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறேன். தோட்டத்தில் முன்பு கொழுந்து பறித்த ராசம்மாதான் இப்போது என்னுடன் இருந்து வீட்டைப் பார்க்கிறாள். எண்ணெய் அவள் பொறுப்பு. நீ கேட்டதற்குப் பிறகு ஆறுதலாக எழுதுகிறேன்.

இயந்திரத்தின் மேலிருந்த மானாப்புல்லும் முள்ளும் போய்விட்டன. அப்பாவிடம் கரி தள்ளிய நல்லமுத்துவை நினைவிருக்கிறதா? அவரும் வந்து சேர்ந்திருக்கிறார். பற்கள் இல்லை, காதும் இல்லை. தனக்குக் கேட்காததால் உலகத்துக்கே கேட்காது என்று நினைத்து, ஒவ்வொரு சொல்லையும் வாயை அகலத் திறந்து கத்துகிறார். "சின்ன வயசுல இந்த நெருப்புக்கிட்ட தலைய குடுத்தவன் நானுங்கம்மா. காது அப்பவே இதுக்குள்ள தங்கிருச்சு. அத தேடித்தான் வந்திருக்கேன்" என்றார். அவருடன் கதைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

மயூரதன் நல்ல பிள்ளை, ஆனால் மேலுதட்டை மூடிக்கொண்டு ஒரு மீசை. அதை வெட்டும்வரை என்னிடம் கேட்க வேண்டியதை எழுதித் தரும்படி சொல்லிவிட்டேன். பெரியம்மா மனுப் போட்டால்தான் வாய் திறப்பா என்று கடைத்தெருவில் கேலி செய்கிறார்களாம். செய்யட்டும். எழுதும்போது மனிதர் யோசிக்கிறார்கள்.

இந்த மாதம் முழுக்க மூடுபனி. காலையில் ரயில் மேடையில் நின்றால் வண்டி சத்தமே இல்லாமல் வருகிறது. முதலில் ஒரு வெளிச்சம், பிறகு முகப்பு, பிறகு சன்னல்களில் முகங்கள். யாரோ காணும் கனவுக்குள் நான் போய் நிற்பது போல இருக்கிறது. முன்பு இப்படி இருந்ததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா,
புனிதவதி மகாலிங்கம்


ரொறன்ரோ
25 ஆகஸ்ட் 2002

அன்புள்ள அம்மாவுக்கு,

இருவரும் சுகம். கஜதீபனுக்கு முதுகுப் பிடிப்பு, இப்போது பரவாயில்லை. உங்களையும் ராசம்மாவையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

ஆறுதலாக எழுதுவதாகச் சொன்னீர்கள். நான் காத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு அப்பாவின் ஊதல் எனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது. குவாட்டர்ஸ் சமையலறையில் நீங்கள் நிற்பீர்கள். சுரங்கம் தாண்டிய வளைவில் ஒரு நீளம், இரண்டு குறில். மற்ற இயந்திரங்கள் ஒரே குரலில் ஊதும். அப்பாவுடையதில் இரண்டு குரல்கள். ஒன்று முன்னால் போக, மற்றது கொஞ்சம் பிந்தி வந்து அதன் கையைப் பிடிக்கும். "அப்பா வாறார்" என்று சொல்லிக் கேத்திலை அடுப்பில் வைப்பீர்கள். வேறு இயந்திரம் என்ன கத்துக் கத்தினாலும் உங்கள் கை அசையாது. மழையோ, பக்கத்து வீட்டு றேடியோவோ, எதற்குள்ளும் அதைப் பிரித்து எடுத்துவிடுவீர்கள். ஒரு நாளும் பிழைத்ததில்லை.

அப்பாவின் குரல் என்னிடம் எதிலும் இல்லை, அம்மா. நான் இங்கே வந்தபோது ஒரு கசெற்றில் பிடித்து வந்திருக்கலாம். தோன்றவில்லை. அந்த ஊதல் மறுபடி ஊதினால் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். போனில் கதைக்க உங்களுக்கு விருப்பம் இல்லாவிட்டால் அதையாவது அனுப்புங்கள்.

கௌசி


ஹட்டன்
21 ஒக்டோபர் 2002

அன்புள்ள கௌசிக்கு,

பதில் பிந்திவிட்டது. மழையைக் குற்றம் சொல்லலாம், ஆனால் மழைக்குள்ளும் தபால் போகிறது. கஜதீபனின் முதுகுக்குச் சூடான மணல் ஒத்தடம் கொடு.

கொதிகலனின் உக்கிய குழாய்களைக் கழற்றிப் புதியவை போட்டுவிட்டார்கள். சக்கரங்களில் துரு போன இடத்தில் இரும்பு நீலமாகத் தெரிகிறது. ஊதல் மட்டும் எப்போதோ களவு போயிருந்தது. பழைய இரும்பு வாங்கும் ஒருவர் மூன்று பித்தளை ஊதல்களை ஒரே சாக்கில் கொண்டுவந்தார். ஒன்று இந்த இயந்திரத்தில் கழற்றியது என்று அவருக்கு நிச்சயம். எது என்று தெரியாது.

நேற்று டயர் கடைக் காற்று இயந்திரத்தில் பூட்டி மூன்றையும் ஊதிப் பார்த்தார்கள். மூன்று வாய்கள், மூன்றும் பச்சைக் களிம்பு பிடித்தவை. அந்த இயந்திரத்தில் வேலை செய்தவர்களில் மிச்சம் நல்லமுத்து ஒருவர்தான். அவர் கையை விரித்தார். "எனக்கு மூணும் ஒண்ணுதாங்க. காத்து வருது, அம்புட்டுத்தான். அம்மாவ கேளுங்க. டிரைவர் தொரை வளைவுல ஊதுறப்பவே தேத்தண்ணி வச்சவுங்க அவுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மயூரதன் ஒரு தாளில் "எது, அம்மா?" என்று எழுதி நீட்டினார். மூன்றாவது ஊதலின்போது கடைக் கூரையில் இருந்த புறாக்கள் ஒன்றாக எழும்பி மூடுபனிக்குள் போய் மறைந்தன. பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது என்றேன். கைதட்டினார்கள்.

நீ கேட்டபடி மயூரதன் அதைக் கசெற்றில் பிடித்துத் தந்தார். இத்துடன் வருகிறது.

அம்மா,
புனிதவதி மகாலிங்கம்


ரொறன்ரோ
24 நவம்பர் 2002

அம்மாவுக்கு,

சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன்.

கசெற் வந்த அன்று கஜதீபனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போட்டேன். அது அப்பாவின் ஊதல் இல்லை. குவாட்டர்ஸுக்குக் கீழே இருந்த தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குத் தோட்டத்து ஆட்களைக் கூப்பிட ஊதுவார்களே, அது. ஒரே குரல், மேலே ஏறி அப்படியே நிற்கும். அதற்குப் பயந்து நான் உங்கள் சேலைக்குள் தலையை விட்டுக்கொள்வேன். நீங்கள் காதைப் பொத்திவிடுவீர்கள். அதை நானே மறக்கவில்லை. நீங்கள் மறக்க வழி இல்லை.

நீங்கள் பிழைவிட மாட்டீர்கள், அம்மா. அதனால் தெரிந்தே செய்தீர்கள் என்றுதான் நினைக்கவேண்டியிருக்கிறது. செத்தவீட்டுக்கு வராதவளுக்கு அந்தச் சத்தம் எதற்கு என்று நினைத்தீர்களா? அப்படியென்றால் அதை எழுதுங்கள். கோபமான ஒரு கடிதத்தை என்னால் தாங்கமுடியும். உண்ணிச்செடியும் புறாவும் வரும் கடிதங்களைத் தாங்க முடியவில்லை.

கௌசி


ரொறன்ரோ
19 ஜனவரி 2003

அம்மாவுக்கு,

தைப்பொங்கலுக்கும் உங்கள் கடிதம் வரவில்லை. சிவகௌரி விடுமுறைக்கு ஹட்டன் வந்தபோது உங்களைக் கோயிலில் கண்டாளாம். நன்றாக இருக்கிறீர்கள் என்றாள். பின்னால் நின்று கூப்பிட்டும் திரும்பிப் பாராமல் போனீர்கள் என்றும் சொன்னாள்.

போன கடிதத்தில் கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். எழுதியதை மாற்ற மாட்டேன்.

கௌசி


ஹட்டன்
17 பெப்ரவரி 2003

என் அன்புள்ள மகளுக்கு,

உடம்பு சுகம் என்று எப்போதும் எழுதி வந்தேன். இந்த முறை அப்படி எழுதமுடியாது.

எனக்குக் காது கேட்பதில்லை. இடது காது அப்பா இருக்கும்போதே போய்விட்டது. வலது காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், போன வருடத்துக்கு முந்திய மழைக்காலத்தோடு முடிந்தது. கண்டியில் ஒரு டொக்டரிடம் தனியாகப் போனேன். கருவி போட்டும் பலன் இல்லை என்று எழுதிக் காட்டினார். நீ போனில் அழுதாய் என்று உன் கடிதத்தில் வாசித்துத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் ஏதோ ஒரு இரைச்சல், மழை போல. மழையைப் பற்றிக் கேட்கிறாய் என்று நினைத்துப் பதில் சொன்னேன். அதன் பிறகு அந்த மணி அடிப்பதும் எனக்குத் தெரியவில்லை. மணி அடித்து நான் எடுக்காமல் இருப்பதைவிடத் தொலைபேசி இல்லை என்பது மரியாதையாகப் பட்டது.

மடத்தில் காது கேளாத ஒரு சகோதரி இருந்தார். அவருக்கு மூன்று மொழிகள் தெரியும். ஆனால் எல்லோரும் அவருடன் குழந்தைக்குச் சொல்வது போலக் கத்துவார்கள், பிறகு அவருக்கு முன்னாலேயே அவரைப் பற்றிக் கதைப்பார்கள். நான் அதைப் பார்த்து வளர்ந்தவள். உனக்குத் தெரிந்தால் என்னைக் கொழும்பில் சிவகௌரி வீட்டு மூலையில் இருத்திவிடுவாய் என்றும் பயந்தேன். அதனால் முகத்தைப் பார்த்து, உதட்டைப் பார்த்து, தலையாட்டிச் சமாளித்து வந்தேன்.

மூன்றாவது ஊதலை நான் புறாக்களை நம்பித் தெரிந்தெடுத்தேன். மற்ற இரண்டுக்கும் அவை எழும்பவில்லை. மகாலிங்கத்தின் மனைவிக்குத் தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தே உனக்கு இப்படிச் செய்தேன் என்று நீ எழுதிய பிறகும் என்னால் உடனே பேனாவை எடுக்க முடியவில்லை. கெட்டவள் என்று நீ நினைப்பதா, செவிடி என்று நீ அறிவதா என்று இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு நாளும் இருந்தேன். முதலாவது எனக்குச் சுலபமாக இருந்தது. உனக்கு அது சுலபமாக இருந்திருக்காது என்று உன் பொங்கல் கடிதத்தில்தான் விளங்கியது.

உன்னை மன்னிக்க என்னிடம் எதுவும் இல்லை. நீ வராதிருந்தது சரி. வந்து அகப்பட்டிருந்தால் நான் இரண்டு பேருக்கு அழவேண்டியிருந்திருக்கும். இதை அன்றைக்கே சொல்லியிருப்பேன், நீ கேட்டது எனக்குக் கேட்டிருந்தால்.

நேற்று இயந்திரத்தடிக்குப் போய், வேலையை நிறுத்தச் சொல்லி, நான் தெரிந்தெடுத்தது பிழை என்றும் எனக்குக் காது கேட்காது என்றும் சொன்னேன். எவ்வளவு உரக்கச் சொன்னேன் என்று தெரியவில்லை. பாதையில் போனவர்களும் நின்று பார்த்தார்கள். முதலில் ராசம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் அன்னைக்கே சொன்னேன், பெரட்டுக்கு கூப்புடுற மாதிரி இருக்குன்னு. காலு தானா ஓடப் பாத்துச்சு. அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஒருத்தரும் காதுல போட்டுக்கல" என்றாளாம். அன்று அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பிறகு நல்லமுத்து கையை உயர்த்தி ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மயூரதன் ஓடிவந்து, அவர் சொன்னதைச் சோக்கால் கொதிகலன் மேலேயே எழுதினார். "அட, அம்மாவும் நம்ம கட்சியா! ஆறு மாசமா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி தலையாட்டிட்டு இருந்திருக்கோம். இந்த ரெண்டு செவிடுங்கள நம்பி விசில் மாட்டுன நீங்கதான் புத்திசாலிங்க." வாசித்துவிட்டு நானும் சிரித்தேன். அந்தக் கரும்பலகையை இன்னும் யாரும் துடைக்கவில்லை.

இத்துடன் ஒரு கசெற் வருகிறது. மற்ற இரண்டு ஊதல்களும் அதில் இருக்கின்றன. இங்கே இப்போது காதுள்ளவர் யாருக்கும் அப்பாவின் ஊதல் தெரியாது. நீ கேட்டு, எது என்று எழுது. அதுவரை எதையும் பூட்டவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா


ரொறன்ரோ
9 மார்ச் 2003

என் அம்மாவுக்கு,

இரண்டாவது.

முதலாவது தொடங்கியதும் இல்லை என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது வந்தபோது நான் எழும்பிப் போய்க் கேத்திலில் தண்ணீர் விட்டேன். விட்ட பிறகுதான் என்ன செய்கிறேன் என்று கவனித்தேன். கஜதீபன் ஒன்றும் கேட்காமல் அடுப்பைப் போட்டார்.

உங்களை யாரும் எந்த மூலையிலும் இருத்தமாட்டோம். சிவகௌரிக்கு நான் கடிதம் எழுதிவிட்டேன், உங்கள் பாணியில், பிழை திருத்தம் என்று தொடங்கி. இனி நானும் போன் பற்றிக் கேட்கமாட்டேன். என் கையெழுத்து மோசம் என்று மடத்துக்காரி நீங்கள் முகம் சுளிப்பீர்கள். சுளித்துக்கொண்டே வாசியுங்கள்.

மழை பெய்கிறது என்று நீங்கள் சொன்ன குரலை நான் மறுபடி நினைத்துப் பார்த்தேன். அதில் கோபம் இருக்கவில்லை. அன்றைக்கு நான்தான் கேட்கவில்லை.

அன்புடன்,
கௌசி


ஹட்டன்
28 ஏப்ரல் 2003

என் அன்புள்ள கௌசிக்கு,

காதைத் தவிர எல்லாம் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்கவேண்டும். உன் கையெழுத்து மோசம்தான். ஒரு எழுத்தையும் விடாமல் வாசித்தேன்.

நேற்று இயந்திரம் ஓடியது. பக்கத் தண்டவாளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைதான். அதற்கு மேல் அனுமதி இல்லை. கரி இல்லாததால் யூகலிப்டஸ் விறகு. அதன் வாசம் ஊர் முழுக்க நின்றது. காலையிலிருந்தே மூடுபனி. நீராவியும் பனியும் ஒன்றோடொன்று கலந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து கறுப்பாக அது வெளியே வந்தது. புகைபோக்கியிலிருந்த பன்னச்செடியை எடுத்து ஒரு பால்மா டின்னில் நட்டு, ஓட்டுநர் நிற்கும் இடத்தில் வைத்திருந்தார்கள். ஊதல் கயிறு நல்லமுத்துவின் கையில். மயூரதன் மீசையை மழித்திருந்தார். என்னை மேலே ஏறச் சொன்னார். நன்றாக விளங்கியது. மாட்டேன் என்றேன். அது வரும்போது நான் ஒரு நாளும் மேலே இருந்ததில்லை.

பாதை ஓரத்தில் ராசம்மாவைக் கொண்டு அடுப்பு மூட்டுவித்து, கேத்திலை வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போதும் போல எனக்கு எல்லாம் ஓசையில்லாமல் நடந்தது. சக்கரம் சுழன்றது, பிள்ளைகள் வாய் திறந்து ஓடினார்கள், நாய்கள் குரைத்தன. அப்போது கோப்பைக்குள் தேத்தண்ணியின் மேல் வட்டங்கள் எழும்பின. வெகுநேரம் நடுங்கி அடங்கின. பிறகு ஒரு சின்ன நடுக்கம், மறுபடி ஒரு சின்ன நடுக்கம். ஒரு நீளம், இரண்டு குறில். நெஞ்செலும்பிலும் அது தெரிந்தது. "அப்பா வாறார்" என்று நான் சொன்னதாக ராசம்மா பிறகு சொன்னாள். சொன்னது எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த இரண்டாவது குரல் பிந்தி வந்து முதலாவதின் கையைப் பிடித்ததா என்பது தண்ணீரில் தெரியவில்லை. நேற்றுப் பிடித்த கசெற்றை இத்துடன் அனுப்புகிறேன். கேட்டுவிட்டு, ஊதல் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.

அம்மா